ஸ்டாலுக்கு வந்த டீமேக்கர்

கண்டியில் நடந்த ஒரு பொறியியல் மாநாட்டில், முறைமைப் பொறியியல் பிரிவில் எங்கள் சின்ன நிறுவனத்துக்கும் ஒரு ஸ்டால் கிடைத்தது. நாங்கள் ஹட்டன் பக்கம் இருந்து வேலை செய்கிறவர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, அதற்கேற்ப ஃபேனைக் கூட்டிக் குறைக்கும் கருவிகளைச் செய்கிறோம்.

முறைமைப் பொறியியல் என்றால் என்னவென்று வருகிறவர்களுக்கெல்லாம் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு மகாவலி ஆற்றைச் சொன்னேன். கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று அடுத்தடுத்து அணைகள். மேலே திறந்துவிடும் தண்ணீர்தான் கீழே இருப்பதற்கு வரவு. மின்சாரமும் வேண்டும், வயலுக்குத் தண்ணீரும் வேண்டும். ஒவ்வோர் அணையும் தன் மட்டில் நன்றாக ஓடினால் போதாது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். தொழிற்சாலையும் அப்படித்தான். மழை நாளில் கொழுந்து நனைந்து வரும், லொறியும் பிந்தும். வாட்ட நேரம் கூடுதலாக எடுக்கும், வாடிய கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷின் ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். இதில் எந்த மெஷினிலும் பழுது கிடையாது. ஆனாலும் அன்றைய தேயிலை கெட்டுப்போகலாம்.

ஸ்டாலில் வெறும் பெட்டியையும் திரையையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சின்னதாக ஒரு தொட்டி செய்து, வலை விரித்து, அடியில் ஃபேன் பொருத்தி, அன்று காலையில் பறித்த கொழுந்தையே பரப்பினோம். பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது மெல்ல மெல்ல இறங்குவதைத் திரையிலும் பார்க்கலாம், கையாலும் தொட்டுப் பார்க்கலாம். அந்த வாசனைக்கே நிறையப் பேர் நின்றார்கள்.

பொறியியலாளர்கள் சென்சரின் துல்லியம் எவ்வளவு, விலை என்ன, போனில் பார்க்கலாமா என்று கேட்டார்கள். நல்ல கேள்விகள்தான், பதிலும் தயாராக இருந்தது. அப்புறம், பேராதனையில் படிக்கும் மகளோடு ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர், அதாவது தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொண்டவர், வந்தார். திரையை அவர் பார்க்கவே இல்லை. ஒரு பிடி கொழுந்தை எடுத்து உள்ளங்கையில் இறுக்கி உருட்டி, கையை விரித்தார். உருண்டை பிரிந்தது. தண்டு ஒன்றை மடித்தார், டக்கென்று ஒடிந்தது.

“இன்னும் நேரம் போகணும் தம்பி. சரி, விடியச்சாமத்துல கரண்டு போயிட்டு வந்தா ஃபேன் தானா ஓடுமா?”

“இல்லைங்க ஐயா, ஆள் வந்துதான் போடணும். யாராவது உள்ளுக்கு கையை விட்டிருந்தா ஆபத்து.”

“அது நியாயம். ஆனா தொட்டி மேல் மாடியில. ராவுக்கு நிக்கிற ஆளு கீழ. கரண்டு வந்ததும் அவன் ரோலரப் போட்டுருவான். அந்தச் சத்தத்துல, மேல ஃபேன் ஓடலன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

அந்த மாநாட்டில் நான் கேட்ட மிகச் சிறந்த முறைமைப் பொறியியல் கேள்வி இதுதான். கருவிக்கும் கருவிக்கும் நடுவில், ஆளுக்கும் கருவிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை அவர் நேரே பிடித்துவிட்டார். 2002இல் முதலில் வெளிவந்து 2023இல் திருத்தப்பட்ட, முறைமைப் பொறியியலுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 15288உம், முறைமைக்கான தேவைகளை எழுதும் முன்பே சம்பந்தப்பட்டவர்களின் தேவைகளைக் கேட்டறியச் சொல்கிறது. அந்த வரியைப் படித்தவர்கள் மண்டபத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அந்தத் தேவையோடு வாழ்ந்தவர்கள்தான் குறைவு.

அன்று இரவே தேவைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம்: ஃபேன் நின்றிருந்தால் கீழ்த்தளத்தில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், ரோலர் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி மணி அடிக்க வேண்டும். அதற்கான சோதனையையும் பக்கத்திலேயே எழுதினோம். அமைதியான அறையில் மணியடித்துப் பார்த்தால் அது சோதனையே இல்லை. ரோலர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, கீழே நிற்கும் ஆள் காதில் வாங்கினால்தான் சரி.

ஸ்டால் போடப் போகிற மலையகத்துப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். எத்தனை விசிட்டிங் கார்ட் சேர்ந்தது என்று எண்ணாதீர்கள். ஒரு கொப்பி வைத்து, கேட்ட கேள்விகளைக் கேட்டபடியே எழுதுங்கள். எங்கள் கொப்பி இப்போது வேலை மேசையில்தான் கிடக்கிறது.

ஏற்பாட்டாளர்களுக்கும் எழுதிவிட்டோம். அடுத்த மாநாட்டில் ஒரு பின்னேரமாவது தோட்டத் தொழிற்சாலை ஆட்களுக்கு நுழைவுக் கட்டணம் வேண்டாம், ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் பஸ் விடுங்கள் என்று கேட்டிருக்கிறோம். பஸ் செலவில் பாதி எங்களுடையது.