சூடோ இல்லாத சர்வருக்கு ஆர்சிங்க் – இதுவரைக்கும் செட் ஆனது

சைட் ஃபைல்ஸ் எல்லாம் என் கம்ப்யூட்டர்ல எடிட் பண்ணி ஆர்சிங்க்ல (மாறின ஃபைல்ஸ மட்டும் காப்பி பண்ற கமாண்ட்) சர்வருக்கு ஏத்தணும், அவ்ளோதான் வேலை. எஸ்எஸ்எச் லாகின் (தூரத்துல இருந்து சர்வர்ல கமாண்ட் ஓட்டுற வழி) இருக்கு, சூடோ (அட்மின் உரிமை) கிடையாது. ஃபோல்டர் எல்லாம் வெப் சர்வர் யூசர் பேர்ல இருக்கு, நானும் அதே க்ரூப்ல இருக்கறதால எழுத முடியும், ஆனா ஓனர் நான் இல்ல.

வழக்கம்போல மைனஸ் ஏ (டைம், பெர்மிஷன், க்ரூப், ஓனர் எல்லாத்தையும் அப்படியே காப்பி பண்ற ஆப்ஷன்) போட்டு ஓட்டுனா ஃபைல் எல்லாம் போய் சேர்ந்துடுது, ஆனா ஒவ்வொரு ஃபோல்டருக்கும் டைம் செட் பண்ண முடியல, ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்னு வரிசையா வந்து கடைசில எர்ரர் கோட் 23ல முடியுது, ஸ்க்ரிப்ட் அதோட நின்னுடுது. ஃபைலுக்கு மட்டும் ஏன் இந்த தொல்லை வரலன்னு பாத்தா, ஆர்சிங்க் பழைய ஃபைல்ல கை வைக்கறதில்ல, பக்கத்துல டெம்ப் ஃபைல் எழுதி பேர் மாத்திடுது, அதனால புது ஃபைலுக்கு ஓனர் நான்தான்! ஃபோல்டர அப்படி மாத்த முடியாதுல்ல. ஃபோல்டர் டைம், பெர்மிஷன், க்ரூப் எதையும் மாத்தாதன்னு சொல்ற ஓமிட்-டிர்-டைம்ஸ், நோ-பெர்ம்ஸ், நோ-க்ரூப் மூணும் சேர்த்ததும் சுத்தமா ஓடுச்சு. ஓனர் மாத்துற வேலைய ரூட் (அட்மின் யூசர்) இல்லன்னா அதுவே விட்டுடும், அதுக்கு தனியா எதுவும் வேணாம்.

அடுத்தது தான் நேரம் எடுத்துச்சு. சர்வர்ல என் யூமாஸ்க் (புது ஃபைல்ல எந்த உரிமைய எடுத்துடணும்னு சொல்ற செட்டிங்) 022, புதுசா போற ஃபைல் 644ஆ (ஓனர் மட்டும் எழுதலாம், மத்தவங்க படிக்க மட்டும் தான்) விழுது, அப்புறம் வெப் சர்வரால அதுல எழுத முடியாது. இதுக்கு ரெண்டு பக்கமும் சரி பண்ணணும்: அனுப்புற பக்கம் சிஎச்மாட் ஆப்ஷன்ல ஜி ப்ளஸ் டபிள்யூ (க்ரூப்புக்கும் எழுதற உரிமை), அந்தப் பக்கம் ஆர்சிங்க்-பாத்ல (சர்வர்ல ஆர்சிங்க எப்படி ஆரம்பிக்கணும்னு சொல்ற ஆப்ஷன்) "யூமாஸ்க் 002 && ஆர்சிங்க்"னு குடுக்கணும். ஒண்ணு மட்டும் போட்டா வேலைக்கு ஆகாது. இந்த ஆர்சிங்க்-பாத் வழி எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, சர்வர்ல எந்த செட்டிங்கும் தொடாம வேலை முடியுது.

ஒரே ஒரு ஃபோல்டர்ல மட்டும் எழுதவே உரிமை இல்ல, உள்ள இருக்குற ஃபைல்ஸ்ல மட்டும் எழுதலாம். டெம்ப் ஃபைல் உருவாக்க முடியாம பெர்மிஷன் டினைட் 13 வரும். அதுக்கு மட்டும் தனி கமாண்டா இன்ப்ளேஸ் (டெம்ப் ஃபைல் இல்லாம பழைய ஃபைல்லயே நேரா எழுதற ஆப்ஷன்) போட்டேன். ஆனா அந்த ஃபைல்ஸுக்கு ஓனர் வேற ஆள், டைமும் செட் ஆகாது, அதனால டைம் பாத்து ஒப்பிடுறத விட்டுட்டு நோ-டைம்ஸ் கூட செக்சம் (ஃபைலோட உள்ளடக்கத்தையே ஒப்பிடுற ஆப்ஷன்) சேர்த்துருக்கேன், சின்ன ஃபோல்டர் தான், லேட் ஆகல. ஃபைல் ஏறிட்டு இருக்கறப்ப யாராவது சைட்ட திறந்தா பாதி ஃபைல் தான் கிடைக்கும், அது உறுத்துது, வேற வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ட்ரை-ரன்ல (நிஜமா காப்பி பண்ணாம ஒத்திகை பாக்கறது) இந்த எர்ரர் எதுவும் தெரியாது, அது எதையும் எழுதி பாக்கறதில்ல, சின்ன டெஸ்ட் ஃபோல்டர்ல நிஜமா ஓட்டி பாத்தா தான் தெரியும். டெலீட் ஆப்ஷன் (என் கம்ப்யூட்டர்ல இல்லாத ஃபைல்ஸ சர்வர்லயும் அழிக்கறது) இன்னும் போடல, ஆளுங்க அப்லோட் பண்ண படங்கள் சர்வர்ல மட்டும் தான் இருக்கு, அந்த ஃபோல்டர எக்ஸ்க்ளூட்ல போட்டு டெஸ்ட் பண்ணிட்டு அடுத்து எழுதறேன்.