கூடை வடிகட்டி: வாய்மொழித் தேர்வில் நான் தடுமாறிய இடம்

இயந்திரவியல் பட்டயப் படிப்பின் வாய்மொழித் தேர்வில், பம்ப்பின் உறிஞ்சு குழாயில் வைக்கும் கூடை வடிகட்டிக்கு, அதாவது பாஸ்கெட் ஸ்ட்ரெய்னருக்கு, எந்த மெஷ், அதாவது எவ்வளவு நுண்ணிய வலை, பொருந்தும் என்று கேட்டார்கள். வலை நுண்ணியதாக இருந்தால் நல்லதுதானே என்று எண்ணி, யோசிக்காமல் 200 மெஷ் என்றேன். "அப்படியானால் பம்ப் என்ன ஆகும்?" என்று தேர்வாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வடிகட்டியை அழுக்கைப் பிடிக்கும் கருவியாக மட்டுமே படித்திருந்த நான், அது ஓட்டத்திற்கு ஒரு தடையாகவும் இருக்கிறது என்பதைக் கவனிக்கவே இல்லை. மறுதேர்வுக்கு அந்த விடுபட்ட பாதியிலிருந்துதான் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் வெட்டுத்தோற்றத்தைக் கையால் வரைந்து பாருங்கள். திரவம் கூடையின் உட்புறம் புகுந்து, துளையிட்ட சுவர் வழியாக வெளியேறுகிறது. அழுக்கு உள்ளேயே தங்கிவிடுவதால், கூடையைத் தூக்கினால் அதுவும் சேர்ந்தே வந்துவிடுகிறது. மூடி மேலே இருப்பதற்கும், வடிகால் அடியில் இருப்பதற்கும், இவ்வகை வடிகட்டி பெரும்பாலும் கிடைமட்டக் குழாயில் பொருத்தப்படுவதற்கும் காரணம் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். மேலிருந்து கீழாக ஓடும் செங்குத்துக் குழாய்க்கும் நீராவிக் குழாய்க்கும் ஒய் வடிவ வடிகட்டியே வழக்கமான தேர்வு என்பதை இதோடு சேர்த்து நினைவில் வைத்தால் போதும்.

அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி மெஷ் கணக்கு. மெஷ் எண் என்பது ஓர் அங்குல நீளத்தில் உள்ள துளைகளின் எண்ணிக்கை. அது துளையின் அளவு அன்று. 100 மெஷ் வலையில் ஒரு துளையும் ஒரு கம்பியும் சேர்ந்து 25.4 மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.254 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்கின்றன. கம்பியின் தடிமன் 0.1 மி.மீ. என்றால் துளை 0.154 மி.மீ., திறந்த பரப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு. கம்பி 0.114 மி.மீ. ஆனால் துளை 0.14 மி.மீ. ஆகச் சுருங்கி, திறந்த பரப்பும் 30 விழுக்காடாகக் குறைகிறது. மெஷ் எண் மாறவே இல்லை! துளையை மொத்த இடைவெளியால் வகுத்து வர்க்கப்படுத்தினால் இந்த விழுக்காடு கிடைக்கும். இதை இரண்டு மூன்று கம்பித் தடிமன்களுக்கு நீங்களே செய்து பார்த்துவிட்டால், மெஷ்ஷையும், துளையின் அளவைச் சொல்லும் மைக்ரானையும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிறகு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

அடுத்தது அழுத்த இழப்பு. கொந்தளிப்பான ஓட்டத்தில் இழப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், கூடையின் பாதிப் பரப்பு அடைபட்டும் ஓட்ட அளவு மாறாதிருந்தால், வலையில் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. உறிஞ்சு பக்கத்தில் இந்த இழப்பு பம்ப்பின் வாயிலில் இருக்கவேண்டிய அழுத்தத்தைக் குறைக்கிறது; அது திரவத்தின் ஆவி அழுத்தத்திற்கும் கீழே போனால் குமிழ்கள் தோன்றி, பின்னர் உடைந்து, பம்ப்பின் சுழலும் சக்கரமான இம்பெல்லரை அரிக்கும் கேவிடேஷன் தொடங்கும். தேர்வாளர் என்னிடம் எதிர்பார்த்த பதில் இதுதான். ஆகவே உறிஞ்சு பக்கத்தில் பம்ப்பைக் காக்கத் தேவையானதைவிட நுண்ணியதாக இல்லாத துளையும், குழாயின் குறுக்குப் பரப்பைப் போலப் பல மடங்கு திறந்த பரப்பும் கேளுங்கள். நுண்வடிகட்டலைப் பம்ப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டத்தை நிறுத்த முடியாத இடத்திற்கு இரட்டைக் கூடை கொண்ட டூப்ளெக்ஸ் வகை என்பது எளிய கேள்வி. சுத்தம் செய்யும் வரிசையில்தான் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள்: வால்வுகளை மூடுவதோடு நிற்காமல், உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றி, திரவத்தை வடித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

மறுதேர்வில் கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது. ஓட்டம் சீராக இருக்கும்போது, வடிகட்டியின் இருபுறமும் உள்ள அழுத்தமானிகளுக்கிடையே சில நாட்களாகக் கூடிவந்த வேறுபாடு திடீரென்று குறைந்தால் என்ன பொருள் என்று கேட்டார்கள். கூடை தானாகச் சுத்தமாகிவிடாது, ஆகவே வலை கிழிந்திருக்கலாம், அல்லது கூடை தனக்குரிய பொருத்துமிடத்தில் சரியாக அமராமல் திரவம் பக்கவாட்டில் நழுவிச் செல்லலாம் என்றேன். தேர்வாளர் தலையசைத்துவிட்டு அடுத்த பாடத்திற்குப் போனார்.