சேவல் நின்னுருச்சு: கதிரருவா, அரம், ஸ்பேனர் வச்சு மூணு மாச வேலை

பழைய டூல்கள வெல்ட் பண்ணி ஒரு சேவல் சிலை செஞ்சிட்டு இருக்கேன், இன்னிக்கு சாயங்காலம் அந்தச் சேவல் தன் கால்ல நின்னுருச்சு. மூணு மாசமா சனி ஞாயிறு மட்டும் உக்காந்து செஞ்சது, இன்னும் இடது றெக்கைல பாதி பாக்கி, ஆனா நிக்குது, தள்ளுனா ஆடல. எங்க தப்பு பண்ணேன், எது வேலைக்கு ஆச்சுன்னு மறக்கறதுக்குள்ள எழுதிடறேன், வீட்ல சின்ன வெல்டிங் மெசின வச்சுட்டு பழைய சாமான பாத்து யோசிச்சிட்டு இருக்கறவங்களுக்கு உதவும்.

சாமான் எல்லாம் ரெண்டு இடத்துல இருந்து வந்தது. அப்பா கோயமுத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்தவரு, அவரோட பச்சை கலர் தகரப்பெட்டி, அதுக்குள்ள ஸ்பேனரு, அரம், கட்டிங் பிளேயரு, ஆலன் கீ எல்லாம் துரு புடிச்சு ஒன்னோட ஒன்னு ஒட்டிக் கிடந்துச்சு. இன்னொன்னு கோபிசெட்டிபாளையம் பக்கம் அம்மிச்சி வீடு, அதாவது அம்மாவோட அம்மா வீடு. அங்க இப்ப நெல்லறுக்க மெசினுதான் வருது, அட்டாலில சாக்குல சுத்தி வச்ச ஏழு கதிரருவாவும் ரெண்டு தேஞ்ச மம்மட்டியும் வருசக்கணக்கா யாரும் தொடாம இருந்துச்சு. அதுல ஒரு அருவாள புடிச்சு முனை மேல பாக்க தூக்கி வெளிச்சத்துல பாத்தேன், அவ்வளவுதான், சேவலோட வால் எறகு எனக்கு அங்கயே தெரிஞ்சுருச்சு. அந்த வளைவு, நுனில மெலிஞ்சு கீழ இறங்கற விதம், வேற எதையும் தேடவே வேண்டாம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு முடிவு பண்ணிக்கிட்டேன், எந்த டூலயும் வெட்டி உருவத்த மாத்தக்கூடாது. பாக்கறவங்களுக்கு சேவலும் தெரியணும், அருவாளும் அருவாளாவே தெரியணும். பிக்காசோ 1942ல சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் மட்டும் சேத்து காளைத்தலை செஞ்சாரு, அத எப்ப போட்டோல பாத்தாலும் எனக்கு காளையும் சைக்கிளும் ஒரே நேரத்துல தெரியும், அதுதான் அதோட உயிரு. அதே ஆர்வத்துல தேடிப் படிச்சப்ப தெரிஞ்சது, அவருக்கு இரும்பு வேலைல கூட நின்ன சிற்பி ஹூலியோ கொன்சாலஸ் வெல்டிங் கத்துக்கிட்டது ரெனால்ட் கம்பெனி ஃபேக்டரில. அமெரிக்காவுல டேவிட் ஸ்மித்ங்கற சிற்பியும் 1925ல கார் ஃபேக்டரில வேலை பாத்தவரு, அப்புறம் 1951ல இருந்து பழைய விவசாயக் கருவியோட துண்டுகள வெல்ட் பண்ணி ஒரு வரிசையே செஞ்சாரு, அதுக்கு அக்ரிகோலான்னு பேரு, லத்தீன்ல உழவன்னு அர்த்தம். சென்னை பக்கத்துல இருக்கற சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனா சிற்பி நந்தகோபாலோட உலோக வேலைய பாத்துட்டு வாங்க, தகட்டையும் கம்பியையும் ஒட்டி இவ்வளவு பேச வைக்க முடியுமான்னு இருக்கும். ஃபேக்டரில கத்துக்கிட்ட கை அப்படியே சிற்பத்துக்குப் போயிருக்குன்னு படிச்சதும் பக்கத்துல கட்டில்ல உக்காந்திருந்த அப்பாவத்தான் திரும்பிப் பாத்தேன்.

அம்மாவுக்கு முதல்ல மனசு ஒப்பல. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வச்ச சாமானத்த நெருப்புல வைக்கறதான்னு கேட்டாங்க, அவங்க கேட்டதுல நியாயம் இருந்துச்சு, நான் ஒரு வாரம் கை வைக்கல. அப்புறம் அப்பாதான் சொன்னாரு, "அதெல்லாம் கொல்லம்பட்டறைல நெருப்புல பொறந்ததுதான, இப்ப துருவுல சாகுது, அவன் எடுத்து வைக்கட்டும் விடு"ன்னு. அம்மா ஒன்னும் சொல்லாம போயி ஏழு அருவாளையும் தொடைச்சு எடுத்துட்டு வந்து குடுத்தாங்க.

துரு எடுக்க 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டு, தண்ணி, வாஷிங் சோடா, பழைய பேட்டரி சார்ஜர். நாலு லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சோடா போதும். சுத்தம் பண்ற டூல் நெகடிவ்ல, பாசிடிவ்ல வேண்டாத கட்டுக்கம்பித் துண்டு, ரெண்டும் ஒன்னுக்கொன்னு தொடக்கூடாது. பாசிடிவ்ல எவர்சில்வர் கரண்டி கிரண்டி போட்டுடாதீங்க, அதுல இருக்கற குரோமியம் கரைஞ்சு தண்ணியே விஷமாயிரும். ஹைட்ரஜன் வேற வரும், அதனால வாசல்ல வெட்டவெளில வைங்க, சார்ஜர ஆஃப் பண்ணிட்டுத்தான் கிளிப்ப கழட்டணும், இல்லன்னா பொறி பறக்கும். ராத்திரி பூரா விட்டு காலைல எடுத்தா துரு கருப்புச் சேறு மாதிரி வழிஞ்சு வரும், நார் போட்டு தேச்சு உடனே துணில தொடைச்சு வெயில்ல வச்சு எண்ணெய் தடவணும், பத்து நிமிசம் லேட் பண்ணாலும் மறுபடி செவக்க ஆரம்பிச்சிரும்.

அப்படி கழுவும்போது ஒரு ரிங் ஸ்பேனரோட தண்டுல ஏதோ கைக்குத் தட்டுப்பட்டுச்சு. விரல்ல தேச்சேன், 4, 1, 7ன்னு மூணு நம்பர், பஞ்ச் வச்சு அடிச்சது, ஏழு மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கு. அப்பாகிட்ட காட்டுனேன். அவரோட மில் டோக்கன் நம்பர். சொந்தக் காசுல வாங்குன ஸ்பேனர், மத்தவங்களுதோட மாறிடக்கூடாதுன்னு வேலைக்கு சேந்த முதல் வருசமே அவரே அடிச்சாராம். அத வாங்கி ரொம்ப நேரம் கட்டைவிரலால தடவிட்டே இருந்தாரு. அந்த ஸ்பேனர்தான் இப்ப சேவலோட வலது காலு, நம்பர் வெளிப்பக்கம் பாத்து இருக்கு, அது மேல கிரைண்டரே படல.

தலைக்கு கட்டிங் பிளேயர். இது தானா அமைஞ்சது, மூடுன வாய் அப்படியே அலகு, நடுவுல இருக்கற ரிவிட் கண்ணு, ரெண்டு கைப்பிடியும் கீழ இறங்கி கழுத்தாயிருச்சு. கைப்பிடி மேல இருக்கற பிளாஸ்டிக் உறைய முழுசா உரிச்சு எடுத்துட்டுத்தான் வெல்ட் பண்ணனும், அது எரியற புகை நெஞ்சுக்குள்ள போனா ரொம்ப கெடுதல். அதே மாதிரிதான் பளபளன்னு இருக்கற ஸ்பேனர் மேல குரோம் பூச்சு இருக்கும், ஒட்டற இடத்த சுத்தி ஒரு இஞ்சுக்கு கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க்குங்கற தேய்க்கற தட்ட போட்டு வெறும் இரும்பு தெரியற வரைக்கும் எடுத்துடணும், அதுவும் நல்ல மாஸ்க் போட்டுத்தான். ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசுன சாமான் எதையும் நான் சேத்துக்கவே இல்ல, துத்தநாகப் புகை புடிச்சா காய்ச்சல் மாதிரி குளிர் நடுக்கம் எடுக்கும்.

கொண்டைக்கு மட்டும் என் முடிவ மீற வேண்டியதாயிருச்சு. உடைஞ்ச கைரம்பத்துல பல்லுள்ள பக்கத்த ஒரு ஜாணுக்கு வெட்டி எடுத்தேன், வேற எதுவும் அந்த எடத்துல பொருந்தல.

இப்ப றெக்கை. என்ன பாடா படுத்துனது இதுதான். ஒரு பக்கத்துக்கு ஆறு அரம், விசிறி மாதிரி வரிசையா, அரத்தோட கோடு எறகுல இருக்கற கோடு மாதிரியே இருக்கும். என்கிட்ட இருக்கறது 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மெசின், எப்பவும் போல 6013ங்கற சாதா வெல்டிங் ராடு, 12 கேஜ் தடிமன், வரிசையா ஒட்டுனேன், பாக்க அருமையா இருந்துச்சு, போட்டோ எடுத்து தங்கச்சிக்கு அனுப்பிட்டு உள்ள போயி சாப்பிட உக்காந்தேன். வெளிய "டிக்"னு ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொன்னு. போயி பாத்தா வெல்டுக்கு ஒட்டுனாப்புல அரத்துல முடி மாதிரி ஒரு கோடு, கைய வச்சதும் அரம் கையோட வந்துருச்சு. ஆறுல நாலு அப்படித்தான் போச்சு. உடைஞ்ச வாயப் பாத்தா சாம்பல் கலர்ல சர்க்கரை மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு, வெல்டு அப்படியே இருக்கு, அரம்தான் அத ஒட்டி உடைஞ்சிருக்கு.

அப்பா அந்தத் துண்ட கண்ணுகிட்ட புடிச்சு பாத்துட்டு சொன்னாரு, "தம்பி, இது ஜன்னல் கம்பி இல்ல. இத சூடு பண்ணி ஒட்டணும், ஒட்டிட்டு தூங்க வைக்கணும்."

காரணம் இதுதான். அரத்துல கார்பன் ஒரு சதவீதத்துக்கும் மேல, சாதா எம்எஸ் கம்பில, அதாவது ஜன்னல் கம்பி மாதிரி மெது இரும்புல, அதுல நாலுல ஒரு பங்குகூட இருக்காது. ஆர்க், அதாவது ராடு நுனில வர்ற மின்பொறி, படற இடம் ஒரு நொடில செவந்து போகுது, சுத்தி இருக்கற குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்ட உடனே இழுத்துக்குது, அதாவது தண்ணில முக்கி எடுத்த மாதிரி ஆகி அந்த ஓரம் கண்ணாடி மாதிரி கெட்டியாயிருது. வெல்டு ஆறி சுருங்கும்போது இழுக்கும், கண்ணாடிக்கு வளையத் தெரியாது, உடையும். ராடு பூச்சுல ஈரம் இருந்தா அதுல இருந்து வர்ற ஹைட்ரஜனும் சேந்து, சில சமயம் மணிக்கணக்கு கழிச்சுகூட விரிசல் விடும்.

அப்பா சொன்ன வழில செஞ்சேன். ஒட்டற இடத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் எமரி பேப்பர் போட்டு பளிச்சுன்னு தேச்சு வச்சுக்கணும். கேஸ் டார்ச்ச மெதுவா காட்டிட்டே அந்த பளிச்ச மட்டும் பாத்துட்டு இருக்கணும். முதல்ல வைக்கோல் மஞ்சள் வரும், அப்புறம் பழுப்பு, அடுத்து கத்திரிப்பூ கலரு. கத்திரிப்பூ வந்தா கிட்டத்தட்ட 280 டிகிரி, அப்ப டார்ச்ச வச்சுட்டு உடனே வெல்டு. அப்பாவுக்கு தெர்மாமீட்டர் எதுவும் வேண்டியதில்ல, கத்திரிப்பூன்னு சொன்ன அந்த நொடிய என் கண்ணால புடிக்க எனக்கு மூணு அரம் ஆச்சு. ராடும் மாத்திட்டேன், ஹைட்ரஜன் கம்மியா விடற 7018, ஈரம் ஏறாம இருக்க ஒடைக்காத புது பாக்கெட்டு, 75 ஆம்ப். ஒரே இழுவையா இழுக்காம அரை இஞ்சு போட்டு நிறுத்தி, சூடா இருக்கும்போதே சுத்தியால லேசா தட்டிக் குடுத்து, அடுத்த அரை இஞ்சு. முடிஞ்சதும் மறுபடி டார்ச் காட்டி, தகர டப்பா நிறைய இருக்கற உமிச் சாம்பலுக்குள்ள அப்படியே பொதைச்சுட்டேன். அடுத்த நாள் காலைல எடுக்கும்போதும் கைக்கு வெதுவெதுன்னு இருந்துச்சு. வலது றெக்கை ஆறு அரமும் இப்படித்தான் ஒட்டுனது, அஞ்சு வாரமாச்சு, ஒரு சத்தம் கிடையாது.

அதுல இருந்து எந்த டூல எடுத்தாலும் முதல்ல ஓரத்துல கிரைண்டர லேசா தொட்டு பொறியப் பாக்கறேன். சாதா இரும்புன்னா பொறி நீளமா நேரா போகும், கார்பன் ஜாஸ்தின்னா கிட்டத்துலயே மத்தாப்பு மாதிரி பூப்பூவா வெடிக்கும். மம்மட்டி ரெண்டுக்கும் நடுவுல நின்னுச்சு, அருவா ஓரளவு வெடிச்சது, அரம் முழு மத்தாப்பு. அருவாவுக்கு ரொம்ப சிரமமில்ல, மரப்பிடிய கழட்டிட்டு பிடிக்குள்ள போற முனைல மட்டும் ஒட்டுனேன், கருக்கு இருக்கற பக்கம் சூடே ஏறல. அந்தக் கருக்கு இப்பவும் வெட்டும், அதனால அடுத்த வாரம் ஓரத்த மழுக்கிடணும், அக்கா பையன் வந்தா நேரா வாலத்தான் புடிப்பான்.

கண்ணு விசயம் ஒன்னு சொல்லியே ஆகணும். ஒரு கையில அருவாள புடிச்சிருந்தேன், ஹெல்மெட் தள்ளி இருந்துச்சு, ஒரே ஒரு டேக்குதான, ஒரு புள்ளி ஒட்டறதுதானன்னு கண்ண இறுக்கி மூடிட்டு அடிச்சேன், அப்படியே அன்னிக்கு நாலஞ்சு வாட்டி. அப்ப ஒன்னும் தெரியல. ராத்திரி ஒரு மணிக்கு கண்ணுல மணல அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், தண்ணியா கொட்டுது, லைட்டப் பாக்க முடியல. ஆர்க்ல வர்ற புற ஊதாக்கதிர் கருவிழி மேல்தோல சுட்டுருது, வலி சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும். உருளைக்கிழங்கு வையி, தாய்ப்பால் ஊத்துன்னு ஆளுக்கொன்னு சொன்னாங்க, எதையும் செய்யாம காலைல கண் டாக்டர்கிட்ட போனேன், சொட்டு மருந்து, ரெண்டு நாள் இருட்டு ரூம். இப்ப தானா கருக்கற ஹெல்மெட் வாங்கிட்டேன், ஒரு புள்ளி டேக்குக்கும் அது தலைல இருக்கும்.

நிக்க வச்ச கதை. உடம்புக்கு ரெண்டு மம்மட்டித் தகடும் எதிரெதிரா, ஸ்பேனர் காலு ரெண்டு, ஆலன் கீ விரலு, அதுவரைக்கும் நின்னுட்டு இருந்துச்சு. ஏழு அருவாளையும் வால்ல ஏத்துனதும் பின்னாடி மல்லாந்துருச்சு. சேவல ஒரு கயித்துல தொங்கவிட்டு, அந்தக் கயிறுல இருந்தே தூக்குக்குண்டு விட்டு சாக்பீஸ்ல கோடு போட்டேன், அப்புறம் வேற இடத்துல கட்டித் தொங்கவிட்டு இன்னொரு கோடு, ரெண்டும் வெட்டற இடந்தான் மொத்த எடையும் நிக்கற புள்ளி. அது காலுக்கு நாலு இஞ்சு பின்னாடி இருந்துச்சு. கால வெட்டி பின்னாடி தள்ளுனா கொக்கு மாதிரி ஆயிரும், அதனால நெஞ்சுக்குள்ள, ரெண்டு தகட்டுக்கு நடுவுல, பிடி இல்லாத ஒரு சுத்தித் தலைய வச்சு ஒட்டி, காலையும் ஒன்றரை இஞ்சு மட்டும் நகத்துனேன். இன்னிக்கு நின்னது அதுனாலதான். நெஞ்சு நிமுந்து, சண்டைக்குப் போற மாதிரி ஒரு தோரணை வந்துருச்சு, நான் வரைஞ்சு வச்சிருந்ததுல அது இல்ல, அந்தச் சுத்தி எடைதான் குடுத்துச்சு.

பெயிண்ட் அடிக்கப் போறதில்ல. கப் பிரஷ் போட்டு தேச்சுட்டு, டார்ச்ல லேசா சூடேத்தி, தேன்மெழுகு தொட்டா உருகற சூட்டுல தடவி துணில துடைச்சு ஒரு துண்டுல பாத்தேன், கருப்பும் பழுப்புமா அழகா வந்துச்சு. மழைல நின்னா தாங்காது, நம்ம சேவல் உள்திண்ணைலதான் நிக்கப் போகுது. கொண்டைக்கு மட்டும் ரம்பத்த சூடு பண்ணி கத்திரிப்பூ கலர்லயே நிறுத்தப் போறேன்.

இடது றெக்கைல மூணு அரம் முடிஞ்சது. நாலாவது இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு சாம்பலுக்குள்ள போச்சு, கத்திரிப்பூன்னு இந்த வாட்டி அப்பாவுக்கு முன்னாடி நான் சொன்னேன், அவரு தலைய மட்டும் ஆட்டுனாரு. டப்பா வாசல்ல இருக்கு, இதுவரைக்கும் சத்தம் ஏதும் வரல.