கடைசி அரை அங்குலம்

என்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில் என்ஜின் போர்ட்டிகோவில் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தது. அது மறுபடி வண்டிக்குள் போனது பதினான்கு மாதங்கள் கழித்து. ஏற்றுவதற்கு மட்டும் ஒன்பது நாட்கள்.

வண்டி 1970-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இங்கிலாந்தில் டிரையம்ஃப் 1959-இல் வெளியிட்ட கார்; இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். 1961 முதல் அது சென்னையில், வண்டலூர் பக்கம் தயாரானது. அவர்கள் ஊர் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். குடும்பத்தோடு போகிறவன் பின்சீட்டுக்கு எப்படி ஏறுவான் என்று யோசித்து நான்கு கதவு வைத்தது நம் ஊர்க்காரர்கள்தான். என்ஜின் கடைசிவரை அதே 948 சிசி.

இதைப் பிரித்து வேலை செய்வது மற்ற கார்களை விடச் சுலபம் என்பார்கள். பாதி உண்மை. பானெட், மட்கார்டு, முகப்பு விளக்கு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். கவிழ்த்துவிட்டால் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு, திண்ணையில் இருப்பவன்போல வேலை பார்க்கலாம். கியர்பாக்ஸுக்காக வண்டிக்கு அடியில் படுக்கவும் வேண்டாம். முன் சீட்டுகளை எடுத்து, நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றினால் அது காருக்குள்ளேயே கைக்கு வரும். மீதிப் பாதி உண்மை பின்னால் வருகிறது.

எனக்குத் துணை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறை நடத்தி ஓய்வுபெற்ற ஒரு பாய். கண் கொஞ்சம் மங்கல். ஆனால் நட்டைத் தொட்டுப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். இந்த வண்டியின் பெரும்பாலான போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல ஸ்பானர் வேண்டும். நம்மிடம் இருக்கும் 13 மில்லிமீட்டர் ஸ்பானரும் ஒருமாதிரி உட்காரும். அந்த ஒருமாதிரிதான் ஆபத்து. இறுகிய போல்ட்டில் அதைப் போட்டு ஒரு முறை வழுக்கினால் தலை உருண்டைதான். எனக்கு முன் இந்த வண்டியைத் தொட்டவர்கள் உருட்டிவைத்த தலைகளே ஏழு இருந்தன. சென்னையில் வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அரை நாள் அலைந்து எல்லாவற்றையும் புதிதாக வாங்கினேன்.

கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) தேய்த்து, பேரிங் மாற்றி, என்ஜின் லேத் பட்டறையிலிருந்து வந்திருந்தது. அப்படியே ஏற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். பாய் என்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றச் சொன்னார். எனக்கு எரிச்சல்தான். புது கேஸ்கட், நேற்றுதான் ஒட்டியது. ஆனால் அவர் தேடியது கிராங்கைப் பின்முனையில் தாங்கும் மெயின் பேரிங்கின் இருபுறமும் இருக்கும் பிறை வடிவ வாஷர்களை. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்பக்கம் தள்ளப்படும். அந்தத் தள்ளலைத் தாங்குவது இந்தப் பிறைகளில் ஒன்று. அது தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் கிராங்க் நேராக என்ஜின் பிளாக்கையே தின்ன ஆரம்பிக்கும். வாஷரின் ஒரு பக்கத்தில் எண்ணெய் ஓடக் கோடுகள் வெட்டியிருக்கும். அந்தப் பக்கம் சுழலும் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். எங்களுடையதில் ஒன்று திரும்பி இருந்தது. பாய் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சரியாகப் போட்டு, டயல் கேஜ் வைத்து கிராங்கை முன்னும் பின்னும் நெம்பிப் பார்த்தோம்: அசைவு 0.006 அங்குலம். 0.004-க்கும் 0.008-க்கும் இடையில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

என்ஜினை வண்டிக்குள் இறக்கியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று இரும்புக் குழாய்களைக் கட்டி நிறுத்தி, வாடகைக்கு எடுத்த செயின் பிளாக்கை மாட்டி, முன்பக்கம் சற்றுத் தூக்கினாற்போல இறக்கினோம். மாமரக் கிளையில் கட்டலாம் என்ற என் யோசனைக்குப் பாய் பதிலே சொல்லவில்லை. மௌண்டிங் போல்ட்டுகளை இறுக்காமல், கையால் மட்டும் திருகி விட்டுவைத்தோம். கியர்பாக்ஸ் வந்து சேரும்போது என்ஜின் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும்.

பிறகு கியர்பாக்ஸ். பளு அப்படி ஒன்றும் இல்லை. நின்றுகொண்டு தூக்கினால் ஒரே ஆள் தூக்கிவிடலாம். ஆனால் காருக்குள் முழங்காலிட்டு, முதுகைக் கூரையில் இடித்துக்கொண்டு, அதைக் கையில் ஏந்தியபடி முன்னால் ஒரு துளைக்குள் செலுத்துவது வேறு கதை. அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கும் பற்களுக்குள் நுழைந்து, அதையும் தாண்டி கிராங்கின் முனையில் இருக்கும் சின்ன வெண்கலப் புஷ்ஷில், அதாவது குழல் போன்ற வளையத்தில், போய் உட்கார வேண்டும். இரண்டில் எது தவறினாலும் உள்ளே போகாது.

போனது. அரை அங்குலம் பாக்கி வைத்து நின்றுவிட்டது.

டாப் கியரில் போட்டு, கியர்பாக்ஸின் பின்முனையில் சுழலும் வட்டத் தகடான ஃபிளாஞ்சைத் திருப்பித் திருப்பித் தள்ளினேன். ஜாக்கியை ஏற்றினேன், இறக்கினேன். மூன்று நாள் மாலை இதுவே வேலை. நான்காம் நாள், சுற்றிலும் நான்கு நீள போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினால் தானாக வந்து சேரும் என்று முடிவு செய்து, முதல் போல்ட்டில் ஸ்பானரையும் வைத்துவிட்டேன். "தம்பி, கையை எடுங்கள்" என்றார் பாய். குரலை உயர்த்தவில்லை. போல்ட்டால் இழுத்தால் ஒன்று கிளட்ச் பிளேட்டின் நடு வளையும், இல்லையென்றால் கியர்பாக்ஸ் கூட்டில் போல்ட் நுழையும் காது விட்டுப்போகும். ஹெரால்டு கியர்பாக்ஸுக்கு இன்றைக்கு எங்கே போவது?

குற்றவாளி நான்தான். கிளட்ச் பிளேட்டைக் கண்பார்வைக்கு நடுவில் வைத்து, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இறுக்கியிருந்தேன். கண்ணுக்கு நடு, தண்டுக்கு நடு இல்லை. பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு பழைய கியர்பாக்ஸ் தண்டு கிடைத்தது. கியர்பாக்ஸை இறக்கிவைத்து, பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, அந்தத் தண்டைப் புஷ் வரைக்கும் செருகிப் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு, எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். இரண்டு நீள போல்ட்டுகளின் தலையை அறுத்து, என்ஜினின் பின்பக்கம் வழிகாட்டிக் கம்பிகளாகத் திருகிவைத்தது பாயின் வேலை. கியர்பாக்ஸ் அவற்றின் மேல் தண்டவாளத்தில் போவதுபோல ஏறியது. ஃபிளாஞ்சைக் கால் சுற்று திருப்பினேன். 'டொக்'. இடைவெளியில் விரல் நகம்கூட நுழையவில்லை.

அன்றிரவே ஸ்டார்ட் செய்திருக்க வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றலாம் என்று சாவியைத் திருப்பினேன். முனகல் மட்டும் வந்தது. மறுபடி திருப்பினேன். டாஷ்போர்டிலிருந்து மெல்லிய புகை. சோக் கம்பி கையைச் சுட்டது. என்ஜின் ரப்பர் மௌண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையோ என் பெஞ்சில், துணியில் சுற்றி, பத்திரமாக இருக்கிறது. போக வழியில்லாத மின்சாரம் சோக் கம்பி வழியாகப் போயிருக்கிறது. பாய் அப்போது வீட்டுக்குப் போயிருந்தார். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மறுநாள் பட்டையை மாட்டி, புது சோக் கம்பி போட்டு, சிலிண்டர்கள் எரியும் வரிசையை 1-3-4-2 என்று வாய்விட்டுச் சொல்லியபடி பிளக் வயர்களைச் செருகினேன். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. பாய் ஓசையைக் கேட்கவில்லை; கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் குனிந்து, கிராங்கின் முனையில் இருக்கும் புல்லி முன்னால் நகர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருநூறு கிலோமீட்டர் ஓடிவிட்டது. முதல் கியருக்குச் சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது என்பதை மறந்து இரண்டு முறை கறகறக்க வைத்தேன். நடுமூடியை இன்னும் மாட்டவில்லை. கியர்பாக்ஸில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கத்தான் திறந்துவைத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஓரத்து இடைவெளியில் தாம்பரம் சாலை தெரிகிறது. மழை வந்தால் கால் நனைகிறது.