ஒன்றும் போகாது, அண்ணே

"அந்தக் கோப்புறையை எடுத்துவிட்டால் எதெல்லாம் போகும், தம்பி?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒன்றும் போகாது, அண்ணே. எல்லாம் மாடலிலிருந்து திரும்ப வந்துவிடும்."

"அப்படியா? சரி" என்றவர், கோப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு தம் மேசைக்குப் போய்விட்டார். அரை நிமிடப் பேச்சு. ஓராண்டு ஆகியும் அந்தச் "சரி"யை அவர் எந்தக் குரலில் சொன்னார் என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செம்பனைத் தோட்டக் கணக்கு மென்பொருளின் தரவு முழுவதையும், நிரலெழுதும் கருவியான இக்ளிப்ஸின் இ.எம்.எஃப். என்ற பகுதியில் மாடலாக, அதாவது தரவின் வரைபடமாக, வரைந்து வைத்திருந்தோம். தொழிலாளி, பிரட்டு எனும் காலை ஆள்கணக்கு, குலை எண்ணிக்கை, உதிரிப் பழ எடை, சம்பளம் என்று நாற்பது வகுப்புகள். வகுப்புக்கு ஓர் இன்டர்ஃபேஸ், ஓர் இம்ப்ளிமென்டேஷன் என்று இரண்டிரண்டு ஜாவா நிரல் கோப்புகளை இ.எம்.எஃப். தானே எழுதித் தந்துவிடும். ஆனால் எழுதச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மாடலைத் திருத்தியவர் இக்ளிப்ஸைத் திறந்து, மெனுவைத் தட்டி, பிறந்த கோப்புகளையும் நிரலின் எல்லாப் பதிப்புகளையும் சேமித்துவைக்கும் கிட்டில் ஏற்ற வேண்டும். மறந்துவிடுவார்கள். நானே மறந்திருக்கிறேன். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கூலியைக் கொடுத்தாக வேண்டும். ஒரு மாதம் ஆறாம் தேதி இரவு, புதிய படித்தொகை மாடலில் இருந்தது, ஜாவாவில் இல்லை. யார் எழுதச் சொல்ல மறந்தது என்று தேடித் தேடி இரண்டு மணி ஆயிற்று. அந்த இரவில்தான் இனி இதை மனிதர் கையில் விடக் கூடாது என்று தீர்மானித்தேன்.

வேலையை, நிரலைத் தானாகத் தொகுக்கும் மேவன் என்ற கருவியிடம் ஒப்படைத்தேன். நிரலைத் தொகுப்பதற்கு முன் வரும் 'ஜெனரேட் சோர்சஸ்' கட்டத்தில், மாடலைப் படித்து ஜாவாவை எழுதி டார்கெட் கோப்புறைக்குள் வைத்துவிடும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதும். அப்புறம் கிட்டில் பழைய கோப்புகள் எதற்கு? எண்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்த அந்தக் கோப்புறையை ஒரே கமிட்டில், அதாவது ஒரே பதிவில், நீக்கினேன். திரை முழுக்கச் சிவப்பு வரிகள் ஓடியதைப் பார்த்தபோது வீட்டுப் பரணைச் சுத்தம் செய்த நிம்மதி. சோதனைகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் எல்லாம் பச்சை.

ஆனால் ஒன்று போயிருந்தது. உதிரிப் பழ எடையைத் திருப்பித் தரும் கெட்டர் என்ற சிறு நிரல்துண்டு. இ.எம்.எஃப். தான் எழுதிய ஒவ்வொன்றின் தலையிலும் 'ஜெனரேட்டட்' என்று குறித்துவைக்கும். அதன் பக்கத்தில் 'நாட்' என்று சேர்த்துவிட்டால், அடுத்த முறை எழுதும்போது அதை மட்டும் தொடாது. அண்ணன் அப்படிச் சேர்த்து, உள்ளே இரண்டு வரி எழுதியிருந்தார்: அரைக் கிலோவும் அதற்கு மேலும் வந்தால் முழுக் கிலோ. மேலே ஒரு குறிப்பு: "பிரட்டுக் களத்தில் பேசி ஒப்புக்கொண்டது. மாற்ற வேண்டாம்."

பழைய கோப்பு அதே இடத்தில் இருந்தால்தான் அந்த 'நாட்'டுக்கு மதிப்பு. காலியான கோப்புறையில் எதைப் பார்த்து விட்டுவைக்கும்? கெட்டர் மொட்டையாகப் பிறந்தது. சம்பளப் பகுதியோ தசமத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் எடுக்கும். 27.6 கிலோ என்றால் முன்பு 28, இப்போது 27. எங்கள் சோதனைத் தரவில் எல்லாமே 20, 30, 45. முழு எண்ணில் என்ன குறையும்?

இயந்திரம் எழுதிய கோப்பைத் திறந்து யார் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டும் என்று இப்போதும் முழு மனதோடு சொல்ல வரவில்லை. அந்த விதி மாடலிலோ தனி வகுப்பிலோ இருந்திருக்க வேண்டும். இயந்திரத்தின் கோப்பில் கையெழுத்துப் போட்டது அவர் பிழை. இப்படிச் சொல்லிக்கொண்டு ஓரிரு நாள் நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன்.

கண்டுபிடித்தது நாங்கள் அல்லர். உதிரி பொறுக்கும் அக்கா ஒருவர், இரண்டாம் மாதச் சம்பளச் சீட்டோடு தோட்ட அலுவலகத்துக்கு வந்தார். அன்று வேறு வேலையாக நான் அங்கே இருந்தேன். கைலி மடிப்பிலிருந்து 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பென்சிலில் தேதி, சாக்கு, எடை. பழச்சாறு பட்ட பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலை நாக்கில் தொட்டுப் பிரித்தார். "முன்னெல்லாம் என் கணக்கும் உங்கள் கணக்கும் ஒன்றாக இருக்கும்" என்றார். கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஆளுக்கு விடுபட்ட தொகை பத்து வெள்ளிக்குள்தான் வந்தது. அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆனால் இது சுங்கை சிப்புட். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டம் வாங்கியது. இங்கே பத்து வெள்ளியைச் சில்லறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அலுவலகம் திரும்பி அண்ணனிடம் சொன்னேன். "ஆமாம், அதை நான்தான் எழுதினேன்" என்றார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ஜாவா படிப்பதற்கு முன் அவர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். பிரட்டுக் களத்தில் அந்தப் பேச்சு நடந்தபோது பக்கத்தில் நின்றவர். அப்படியானால் கோப்பியோடு வந்து கேட்டாரே, அந்தக் கேள்வி என்ன கேள்வி? தெரியாமல் கேட்டாரா? தெரிந்து, நானே தேடிப் பார்ப்பேன் என்று கேட்டாரா? என் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு, இந்தப் பையன் பார்த்துத்தான் சொல்கிறான் என்று நம்பிவிட்டாரா? மூன்றாவது என்றால் எனக்குத்தான் கனம் அதிகம்.

விதியைத் தனி வகுப்புக்கு மாற்றினேன். 27.6 என்ற எண்ணோடு ஒரு சோதனையும் சேர்த்தேன். பில்ட் இன்னும் தானாகத்தான் ஓடுகிறது; அதை மாற்ற மாட்டேன்.

போன மாதம் அண்ணனுக்குப் புதிய கணினி வந்தது. பழையதிலிருந்து கோப்புகளை மாற்றிக் கொடுத்தேன். மேசைத்திரையின் ஓரத்தில் நான் நீக்கிய அந்தக் கோப்புறை முழுதாக இருந்தது. கிட்டில் பழைய பதிப்பு எப்போதும் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். நகல் எடுத்த தேதியைப் பார்த்தேன். நாங்கள் பேசிய அதே நாள், மாலை 5.40. அதையும் புதிய கணினியில் அதே ஓரத்தில் வைத்துவிட்டு, "எல்லாம் வந்துவிட்டது, அண்ணே" என்றேன்.

"சரி" என்றார்.