பெட்டியில் 13.6, கிளிப்பில் 12.9

காரின் மாட்யூலில் (காருக்குள் இருக்கும் சிறு கணினிகளில் ஒன்றில்) புது சாஃப்ட்வேர் ஏற்றும்போது பாதியில் கரண்ட் சரிந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டேன். நல்ல வேளை, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ இல்லை. கதவுக் கண்ணாடியையும் உள் விளக்குகளையும் கவனிக்கும் பாடி மாட்யூல்தான். பாதி தாண்டியதும் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்தது. (புரோகிராமிங் நடக்கும்போது மற்ற மாட்யூல்களைப் பேசாமல் இருக்கச் சொல்வார்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து தகவல் வராவிட்டால் பாதுகாப்புக்காகத் தானாகவே ஓடும் ஃபேன்கள் உண்டு.) லேப்டாப் திரையில் வோல்டேஜ் 11.6 என்று காட்டியது, அப்புறம் தொடர்பு போய்விட்டது. பழைய புரோகிராமை அழித்த பிறகுதான் புதியதை எழுதுவார்கள் என்பதால் அந்த நிமிடம் மாட்யூலில் இரண்டுமே இல்லை. புது புரோகிராமை வாங்கி எழுதிக்கொள்ளும் சிறு அடிப்படைப் புரோகிராமான பூட்லோடர் தப்பித்திருந்தது, மறுபடி எழுதிப் பிழைத்தேன்.

சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் நிற்கும் கார் 20 ஆம்பியர் இழுத்தால், 40 நிமிடத்தில் 13 ஆம்பியர்-மணி காலி. கொஞ்சம் வயதான பேட்டரிக்கு அது பெரிய அடி. சாதாரண சார்ஜர் இதற்கு உதவாது, அதன் கரண்ட் போதாது, வோல்டேஜும் நிலையாக நிற்காது. சரி, ஃப்ளாஷ் (சாஃப்ட்வேர் ஏற்றுவது) முடியும் வரை பேட்டரியின் வோல்டேஜைப் பிடித்து வைக்கும் பெட்டி ஒன்றை நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

சர்வரிலிருந்து கழற்றிய பழைய பவர் சப்ளை ஒன்று கையில் இருந்தது. 12 வோல்ட், 75 ஆம்பியர். அதை ஆன் செய்ய எந்தப் பின்னை எதோடு இணைப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதை இங்கே எழுதி யாரையும் குழப்பவில்லை. ஆன் ஆனதும் நேராகக் காரில் மாட்டி, வயரைக் கவ்வி கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். பூஜ்யம்! காரில் எல்லா விளக்கும் எரிகிறது, 75 ஆம்பியர் பெட்டி சும்மா இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பேட்டரி 12.6-ல் நிற்கும்போது 12.1 தரும் பெட்டியிலிருந்து கரண்ட் எப்படிப் போகும்? முதலில் பேட்டரி இறங்கி வர வேண்டும். நான் தடுக்க நினைத்ததே அதைத்தான்.

ஆகவே வெளியீட்டை 13.6-க்கு ஏற்ற வேண்டும். இதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். வெளியீட்டை இரண்டு ரெசிஸ்டர் பங்கிட்டு 2.5 வோல்ட் ரெஃபரன்ஸோடு ஒப்பிடுகிற அமைப்புதான் இதிலும். மேலே 38 கே (கிலோஓம்), கீழே 10 கே என்றால் 12 வோல்ட். கீழே உள்ள 10 கே-க்கு இணையாக 60 கே சேர்த்தால் 13.6 பக்கம் வரும். வெறும் ட்ரிம்மர் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) மட்டும் போட்டால் ஒரு திருப்பலில் எங்கோ போய்விடும் என்று, 47 கே ரெசிஸ்டரும் 50 கே ட்ரிம்மரும் தொடராக வைத்தேன். எப்படித் திருகினாலும் 13-க்கும் 14-க்கும் நடுவில்தான். 13.9 தொட்டதும் ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு பெட்டியை அணைத்துவிட்டது. அதைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. நான் தொடவில்லை. பெட்டி தவறிப்போய் வோல்டேஜ் ஏறினால் காருக்கு அது ஒன்றுதான் காவல்.

சோதனைக்கு 55 வாட் ஹெட்லைட் பல்புகள் எட்டு, மரப்பலகையில் வரிசையாக. எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் போட்டதும் பல்புகள் லேசாகச் சிவந்து அணைந்தன, மறுபடி சிவந்தன, பெட்டிக்குள் டிக், டிக் என்று சத்தம். பெட்டி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். குளிர்ந்த இழையின் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, அந்த முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் கேட்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் போட்டபோது எட்டும் பிரகாசமாக எரிந்தன. ஃபேன் மோட்டாரும் கிளம்பும்போது இதைத்தான் செய்யும். அந்த முதல் இழுப்பை பேட்டரி தாங்கிக்கொள்ளட்டும் என்று, பேட்டரியைக் கழற்றாமல் அதோடு சேர்த்தே மாட்டுவது என முடிவு செய்தேன்.

இனி கிளிப்புகள். எட்டு பல்பும் எரியும்போது பெட்டியில் 13.6, கிளிப்பில் 12.9. நடுவே 6 சதுர மில்லிமீட்டர் வயர், போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர். கணக்குப் போட்டால் 17 மில்லிஓம்தான், ஆனால் 37 ஆம்பியரில் 0.6 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது, வயரும் சுடுகிறது. இத்தனை நாள் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன், ஓட்டை வயரில் இருந்திருக்கிறது. 25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் போட்டதும் இழப்பு 0.15 ஆனது. பெட்டியில் வோல்டேஜை அளந்து பார்க்கும் சென்ஸ் பின் தனியாக இருந்ததால் இரண்டு மெல்லிய வயர்களைக் கிளிப் வரை இழுத்தேன். இப்போது பெட்டி தன் முனையைப் பார்க்காமல் பேட்டரி முனையைப் பார்த்து வோல்டேஜை வைக்கிறது. சென்ஸ் வயர் அறுந்தால் வோல்டேஜ் தறிகெட்டு ஏறாமல் இருக்க, பெட்டிக்குள்ளேயே சென்ஸுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே 47 ஓம் ரெசிஸ்டர்கள்.

பாசிட்டிவில் 60 ஆம்பியர் ஃப்யூஸ். நெகட்டிவ் கிளிப்பை பேட்டரி முனையில் மாட்டுவதில்லை, பாடியில் உள்ள எர்த் போல்ட்டில்தான். முனையில் பேட்டரி சென்சார் இருக்கும் கார்களில், நேராக முனையில் மாட்டினால் உள்ளே போகும் கரண்ட் சென்சார் கணக்கில் வராது. பெட்டியின் நெகட்டிவ் மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்தே இருக்கிறது, அந்த எர்த் வயரை வெட்டக் கூடாது.

நேற்று அதே பாடி மாட்யூலுக்கு 35 நிமிட ஃப்ளாஷ். நடுவில் ஃபேன் ஓடியது. பேட்டரி முனையில் 13.6 ஒரு நொடி 13.3 ஆகி மறுபடி 13.6. கிளாம்ப் மீட்டரில் அதிகம் பார்த்தது 44. சத்தம்தான் தாங்கவில்லை. பெட்டியின் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஊளையிடுகிறது. அதன் வேகத்தைக் குறைத்தால் பெட்டி அணைந்துவிடுகிறது, ஆகவே அடுத்த வேலை நீளமான கேபிளை வைத்து பெட்டியைக் கதவுக்கு வெளியே தள்ளுவது. சென்ஸ் வயர் இருக்கிறது, பார்ப்போம்.