அந்த ஐந்து கையெழுத்து

நேற்று ராத்திரி 2002 அக்டோபரில் அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்குப் போன கடிதத்தைப் படித்தேன். தெற்கு பாப்டிஸ்ட் சபையின் ரிச்சர்ட் லேண்ட் எழுதியது. கூடவே இன்னும் நான்கு இவாஞ்சலிக்கல் (பைபிளுக்கு முதலிடம் தரும் புராட்டஸ்டண்ட் பிரிவு) தலைவர்கள் கையெழுத்து. ஈராக் மீது படையெடுப்பது, கிறிஸ்தவ மரபு சொல்கிற ‘நீதியான போர்’தானாம். அந்த மரபின் நிபந்தனைகளான நல்ல நோக்கம், கடைசி வழி, முறையான அதிகாரம்... எல்லாவற்றுக்கும் டிக்.

போப் இரண்டாம் ஜான் பால் போர் வேண்டவே வேண்டாம் என்று கர்தினால் பியோ லாகியை வாஷிங்டனுக்கே அனுப்பினார். புஷ்ஷின் சொந்த மெதடிஸ்ட் சபை ஆயர்களும் எதிர்த்தார்கள்.

பள்ளிக்கூட ஜெப விஷயத்தில் அரசைத் துளியும் நம்பாத இந்த இவாஞ்சலிக்கல்காரர்கள், குண்டு போடுவதில் மட்டும் எப்படி இப்படி நம்பினார்கள்?

போர் நடந்தது. அப்புறம் 2014. ஈராக்கின் மோசூல் நகரில் கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) தீவிரவாத அமைப்பின் ஆட்கள் ‘நூன்’ என்ற அரபு எழுத்தை எழுதினார்கள். கிறிஸ்தவர் என்று பொருள்படும் நஸ்ரானி என்பதன் முதலெழுத்து. குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு ஓடினார்கள்.